‘ன்’னும் ‘ர்’ரும்

1984இல் திருவல்லிக்கேணியில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். எம்ஃபில், பிஎச்டி ஆய்வேடுகள்தான் கடைக்குச் சோறு போட்டன. முன்னால் தடித்த தாள், பின்னால் நாலு மெல்லிசுத் தாள், நடுநடுவே கார்பன். ஓங்கித் தட்டினால்தான் அஞ்சாவது பிரதியில் எழுத்து விழும். ராத்திரி சோறு பிசையும்போது விரல் நோவும். ஓர் எழுத்து பிசகினால் அஞ்சு தாளிலும் தனித்தனியாக அழிக்க வேண்டும்.

தமிழ் மெஷினில் புள்ளிக்குத் தனி விசை. அதைத் தட்டினால் தாள் நகராது. முதலில் புள்ளி, பிறகு எழுத்து.

ஒருநாள் கிராமத்துச் சாதிகளைப் பற்றிய கள ஆய்வு ஒன்று வந்தது. மற்ற சாதியாருக்கெல்லாம் ‘ர்’ விகுதி. எங்களுக்கு மட்டும் ‘பறையன்’, ‘வந்தான்’, ‘வாங்கிக்கொண்டான்’. ஊர்த்தெருச் சின்னப் பையன்கள் எங்கப்பாவைக் கூப்பிட்ட மாதிரியே இருந்தது.

முதல் நாள் அப்படியே தட்டினேன். இருபது பக்கம். மறுநாள் கை வரவில்லை. புள்ளியைத் தட்டிவிட்டு ‘ன’வுக்குப் போக வேண்டிய விரலை ‘ர’வுக்குக் கொண்டுபோனேன். ‘பறையர்’ என்று விழுந்தது. மிச்சம் நூற்றிச்சொச்சம் பக்கமும் அப்படித்தான்.

ஆய்வாளர் வந்து புரட்டிப் பார்த்தார்.

“யாருய்யா உன்னை மாத்தச் சொன்னது?”

“எல்லாருக்கும் ஒரே மரியாதைதான சார் இருக்கணும்.”

“நீ என்ன ஆளு?”

சொன்னேன். அவர் அப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆய்வேடு கொடுக்கக் கடைசித் தேதி. அஞ்சு பிரதியையும் திரும்ப அடிக்க நேரமில்லை. ஆய்வேடு கொடுக்காமல் பட்டம் இல்லை. அம்பேத்கருக்கே கொலம்பியா ஆய்வேடு 1925இல் லண்டனில் நூலாக அச்சாகி, 1927இல்தான் டாக்டர் பட்டம் வந்தது. இவரும் முணுமுணுத்துக்கொண்டே பைண்டிங்குக்குக் கொண்டுபோனார். முதலாளி கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டு, இனிமே வராதே என்றார்.

இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் ஆய்வேடு முழுக்கச் சொல்லை மாற்றிவிடலாம். அன்று அது முடியாததால்தான் என் ‘ர்’ பிழைத்தது. அதே காரணத்தால் முதல் இருபது பக்கத்து ‘ன்’னும் பிழைத்துக் கிடக்கிறது. அதையும் என் விரல்தானே தட்டியது? வேலை போனதைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.