2.2 கிலோவும் 86 கிலோவும்

போன வருஷக் கடைசியில் எங்களில் ஒருத்திக்கு இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தாதியர் பயிற்சிக்குப் போகுமுன் எடுத்துவரச் சொன்ன பரிசோதனை. ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கு எதிரான பிறபொருளெதிரி 4 என்று இருந்தது. 10க்குக் குறையக்கூடாது. தாளைப் பார்த்தவர் அவளையும் மேலிருந்து கீழ் வரை பார்த்துட்டு, "இந்த உடம்புல ஊசி எங்க பிடிக்கும், முதல்ல எடையக் குறைச்சிட்டு வா" என்று சொல்லியிருக்கிறார். அவள் பஸ் ஏறி மொனராகலைக்கு வந்து ரெண்டு நாள் சரியாச் சாப்பிடவே இல்லை. மூணாம் நாள்தான் எங்களிடம் சொன்னாள்.

நாங்கள் நாலு பேரும் மரகலை மலைக்குக் கீழே ஒரே இறப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். எடைப் பேச்சு எங்களுக்குப் புதுசு இல்லை. ஆனா சின்ன வயசில் அது வேற மாதிரி இருந்தது. பிள்ளைக்காம்பராவில் மாசம் ஒருக்கா தராசில் தொங்கவிட்டு, மிட்வைப் மிஸ் கார்ட்டில் புள்ளி வைப்பாங்க. புள்ளி கீழே போனா அம்மாமாருக்கு ஏச்சு. "திரிபோஷவ யாருக்குக் குடுத்த?" வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும்தான், வேற யாருக்கு. எடையில்லாத பிள்ளைக்கு ஊசி தாங்காதுன்னு எங்களை ஒளிச்சு வைக்கப் பார்த்த பாட்டிமாரும் இருந்தாங்க. அப்ப ஊசிக்குப் போதாத உடம்பு, இப்ப ஊசிக்கு மிஞ்சின உடம்பு!

அவளோட அம்மாவின் தகரப் பெட்டியிலிருந்து கிளினிக் கார்ட்டை எடுத்தோம். பிறந்தது 2005, பிறப்பு எடை 2.2 கிலோ. 2.5க்குக் கீழே என்றால் எடை குறைந்த குழந்தை. ஊசிப் பக்கத்தில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை. ஹெபடைட்டிஸ் பி மூணு தடவையும் போட்டிருக்கு. எடைக் கோடு மட்டும் பச்சைக்குக் கீழேயே ஊர்ந்து போகுது. எங்க கார்ட்டுகளும் அப்படித்தான். 2016ஆம் ஆண்டு குடித்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டங்களில் 32 சதவீதத்துக்குக் கிட்ட. ஊசி மலையேறி எங்க லயம் வரைக்கும் வந்தது. சாப்பாடு அப்படி வரல.

சரி, அந்த ஆள் சொன்னதில் உண்மையே இல்லையா? கொஞ்சம் இருக்கு, அதனாலதான் எரிச்சல். 1985இல் அமெரிக்காவில் ஆஸ்பத்திரி ஊழியர்களிடம் பார்த்தபோது, உடல் பருமனானவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி ஊசி அவ்வளவா வேலை செய்யல என்று தெரிந்தது. அப்போ பலருக்கும் பிட்டத்தில்தான் போட்டாங்க. ஊசி கட்டையா இருந்தா மருந்து தசைக்குப் போகாம கொழுப்பிலேயே நின்னுடும். இப்போ மேற்கையில் போடுறாங்க, 90 கிலோவுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஒன்றரை அங்குல ஊசி என்று கணக்கே இருக்கு. 2012இல் வந்த இன்னொரு ஆய்வில், காய்ச்சல் தடுப்பூசி போட்ட பருமனானவர்களுக்கு முதல் மாசம் எதிர்ப்பு நல்லாவே ஏறி, ஒரு வருஷத்தில் மற்றவர்களைவிட வேகமா இறங்கியது.

மெலிஞ்சு பிறந்ததும் தடம் விடுமாம். பாகிஸ்தானில் லாகூர்ச் சேரியில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு ரெண்டு ஊசி போட்டுப் பார்த்தாங்க. பிறப்பு எடை குறைஞ்சவர்களுக்கு டைபாய்டு ஊசியில் எதிர்ப்புக் குறைவு. விசர்நாய்க்கடி ஊசியில் அப்படி ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரே உடம்பு ஒரு ஊசிக்கு ஒரு மாதிரியும் இன்னொன்றுக்கு இன்னொரு மாதிரியும் பதில் சொல்லும். மெலிஞ்ச பிள்ளைக்கு ஊசியை நிறுத்தவும் இதில் காரணம் இல்லை. சின்னமுத்து வந்தா முதலில் சாய்றது அந்தப் பிள்ளைதான்.

ஆனா அவளோட 4க்கு எடையே தேவையில்லை. சின்ன வயசில் போட்ட ஹெபடைட்டிஸ் பி ஊசியின் அளவு இருபது வயசாகும்போது பலருக்கும் 10க்குக் கீழே இறங்கிடும், ஒல்லியானவர்களுக்கும்தான். அலாஸ்காவில் 1981இல் ஊசி போட்டவர்களை 30 வருஷம் கழித்துப் பார்த்தாங்க. பாதிப் பேருக்குத்தான் 10க்கு மேல் இருந்தது. இறங்கினவர்களுக்கு இன்னொரு ஊசி போட்டதும் பத்தில் ஒன்பது பேருக்குக் கிட்ட அளவு மறுபடி எழும்பிடுச்சு. இரத்தத்தில் எண் குறைஞ்சாலும் உடம்புக்கு ஞாபகம் இருக்கு. இந்தக் கிருமி உள்ளே வந்து நோயாகக் காட்ட ஒன்றிலிருந்து ஆறு மாசம் எடுக்கும். அதுக்குள்ள பழைய ஞாபகம் முழிச்சிடும்.

எல்லா ஊசிக்கும் இப்படி இல்லை. ஏற்புவலி நாள்கணக்கில் வந்துடும், ஞாபகம் முழிக்கும் வரை காத்திருக்காது. அதனாலதான் ஏழாம் வகுப்பில் மறுபடி குத்துறாங்க. பால்வெட்டுக் கத்தி பிடிக்கிற எங்க அப்பாமார் கடைசியா எப்ப அந்த ஊசி போட்டாங்கன்னு கேட்டோம். ஒருத்தருக்கும் தெரியல. அதுதான் எங்களுக்கு உண்மையில் பயமா இருந்தது.

இன்னொரு ஊசி, ஒன்றிரண்டு மாசத்தில் மறுபரிசோதனை, அப்பவும் ஏறலன்னா இன்னும் ரெண்டு ஊசி. சுகாதார ஊழியர்களுக்குப் பல இடங்களில் இதுதான் வழக்கம். எடையைக் குறைச்சிட்டு வரச் சொல்றது இதில் எங்கேயும் இல்லை. இதை ஒரு தாளில் எழுதி அவளோட பையில் வச்சு அனுப்பினோம். இந்த முறை வேற ஒரு தாதி அக்கா இருந்தாங்க. ஒன்றும் கேட்காம நீள ஊசியா எடுத்து மேற்கையில் போட்டாங்களாம்.

தை கடைசியில் முடிவு வந்தது. 410. எடை அதே 86. ரெண்டையும் அவளே போனில் சத்தமா வாசிச்சாள். அடுத்த ஞாயிறு அப்பாமாரை ஏற்பு ஊசிக்குக் கூட்டிப் போகணும், அதில் ஒருத்தர் இப்பவே முழங்கால் வலின்னு சாக்குச் சொல்லிட்டு இருக்கார்.