கைமாறி வந்த பேட்டரி கார்

புதுவயல்ல இப்ப பிறந்தநாள் பரிசுன்னா, பிள்ளை ஏறி ஓட்டுற பேட்டரி கார்தான். அப்பாக்கள்கிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான்: ஃபியூஸ் போனப்போ கம்பி சுத்துனீங்களா?

1998 அக்டோபர்ல அமெரிக்காவுல ஃபிஷர்-பிரைஸ், 1 கோடி வரைக்குமான பவர் வீல்ஸ் வண்டிகளைத் திரும்பப் பெற வேண்டியதாச்சு. மின்பாகங்கள் சூடேறி சுமார் 150 தீ விபத்து. 9 குழந்தைகளுக்கு லேசான தீக்காயம். பிரச்சினையை நேரத்துல தெரிவிக்காததுக்கு 2001ல 11 லட்சம் டாலர் அபராதம்.

இங்க 2021 ஜனவரி 1லேருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். திரும்பப் பெறவைக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கு. ஆனா அண்ணன் மகன் ஓட்டி, தம்பி மகளுக்கு வந்த வண்டியை எந்தக் கம்பெனி தேடி வரும்? (பில்லை யாரு வச்சிருக்கா!)

சுட்டுட்டா 20 நிமிஷம் குழாய்த் தண்ணி. பேஸ்ட், இங்க் தடவாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க.