கம்பு பிடிக்கும் முன்

இப்பள்ளியின் முன்னாள் மாணவன் என்ற முறையிலும், இப்பொழுது இங்கு மூன்றாம் ஆண்டில் பயிலும் ஒரு மாணவியின் தந்தை என்ற முறையிலும், ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டார்கள். பெரிய செய்திகளைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக என் வலக்கைக் கட்டை விரலில் இருந்துவரும் ஒரு வடுவைப் பற்றி மட்டுமே எழுதத் துணிந்தேன்.

அப்பொழுது எனக்கு வயது பத்து. கொம்தார் கோபுரம் எழுந்து நின்ற புதிது. இன்று டைம்ஸ் ஸ்குவேர் வணிக வளாகம் உள்ள இடம் அன்று ஈயம் உருக்கும் ஆலைக்குரிய நிலம். அவ்வாண்டுத் தைப்பூசத்தின்போது, தண்ணீர்மலையை நோக்கிச் சென்ற வெள்ளி இரதம் எங்கள் டத்தோ கிராமாட் சாலை வழியாக வந்தது. அதற்குச் சற்று முன்னால் நான்கு இளைஞர்கள் சிலம்பம் சுற்றிக்கொண்டு வந்தார்கள். கம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. காற்றைக் கிழிக்கும் ஓசை மட்டுமே கேட்டது. சிலம்புதல் என்றால் ஒலித்தல் என்று பின்னாளில் படித்தபொழுது, அன்று கேட்ட அந்த ஓசைதான் நினைவுக்கு வந்தது.

மறு வாரமே ஒரு வகுப்பில் சேர்ந்துவிட்டேன். யாரிடம் கற்கிறோம், எப்படிக் கற்பிக்கிறார் என்றெல்லாம் விசாரிக்கத் தெரியாத வயது. கற்பித்தவர் உரத்த குரலில் பேசினார்; எல்லாரும் அவருக்கு அஞ்சினார்கள். அதனாலேயே அவர் பெரிய வீரர் என்று எண்ணிக்கொண்டேன். முதல் நாள் மாலையிலேயே கையில் கம்பைக் கொடுத்து, என்னைவிட நான்கு வயது மூத்த ஒருவன் முன்னால் நிறுத்திவிட்டார். எங்கே கால் வைப்பது, எவ்வளவு தூரத்தில் நிற்பது என எதையும் சொல்லவில்லை. மூன்றாவது வீச்சில் என் கட்டை விரல் நசுங்கியது. நகம் பெயர்ந்து இரத்தம் வழிந்தது. அவர் அருகில் வந்து பார்த்துச் சிரித்தார். "அழுகிற பிள்ளைக்கு எதற்குக் கம்பு?" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

வீட்டில் அம்மாவிடம் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டதாகப் பொய் சொன்னேன். அதன்பின் அப்பக்கம் போகவில்லை. விரல் ஆறியது, ஆனால் முழுதாக மடங்கவில்லை. சிலம்பம் என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கம் மட்டும் ஆழப் பதிந்துவிட்டது.

சென்ற ஆண்டு நம் பள்ளிப் பொங்கல் விழாவில் சிலம்பாட்டம் நடந்தது. வீடு திரும்பும் வழியிலேயே என் மகள், "அப்பா, எனக்குக் கம்பு வேண்டும்" என்றாள். உடனே மறுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அவளுடைய மனத்தை வேறு பக்கம் திருப்பலாம் என்று ஒரு தைக்குவாண்டோ வகுப்புக்கு அழைத்துச் சென்றேன். 1962-ஆம் ஆண்டு கொரியத் தூதராக மலாயாவுக்கு வந்த சோய் ஹோங் ஹி என்னும் தளபதி இந்நாட்டில் பரப்பிய கலை அது. வகுப்பு நன்றாகவே இருந்தது, குறை சொல்வதற்கில்லை. நம் தீவில் சீனச் சங்கங்களில் வூஷு உண்டு. மலாய் அன்பர்களின் சிலாட் 2019-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இவற்றையெல்லாம் மகளுக்கு விரிவாக எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கம்பு எப்பொழுது, அப்பா?" என்றாள்.

அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. எப்பொழுதோ படித்த ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். தென் தமிழகத்து மக்களிடமிருந்து ஆயுதங்களைக் கம்பெனி ஆட்சி பறித்தது. மறு ஆண்டு, சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அவரோடு எழுபதுக்கும் மேற்பட்டோரும் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டார்கள். எங்கே என்று நினைக்கிறீர்கள், மாணவச் செல்வங்களே? இதே பினாங்குத் தீவுக்குத்தான். சிலம்பம் இங்கு அவர்களோடுதான் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பின்னர்த் தோட்டங்களுக்கும் துறைமுகத்திற்கும் வந்த எளிய மக்களே அதைக் காத்தவர்கள். ஆயினும், அப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு, ஒரு விரலின் பொருட்டு என் மகளைத் தடுப்பது எனக்கே நாணமாக இருந்தது.

ஆனால் இம்முறை கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதில்லை என்று உறுதி பூண்டேன். முதலில் சென்ற இடத்தில் கண்ணாடிப் பேழை நிறையக் கோப்பைகள் இருந்தன. ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்றார்கள். ஆசான் எங்கே என்றால், மாதம் ஒருமுறை வருவார் என்றார்கள். அங்கேயே திரும்பிவிட்டோம். கோப்பை வென்ற பிள்ளைகளை எல்லாரும் காட்டுவார்கள். நேற்றுச் சேர்ந்த பிள்ளை எப்படி நடத்தப்படுகிறது என்பதைத்தான் நான் பார்க்க விரும்பினேன்.

இரண்டாவது இடம், எங்கள் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்த ஒரு திறந்த திடல். ஆசான் அறுபது வயதைக் கடந்தவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பார்க்கலாமா என்று கேட்டேன். "தாராளமாகப் பாருங்க, தம்பி. ஒரு நாள் போதாது, நாலு நாள் பாருங்க" என்றார். நான்கு நாளும் போனேன்.

பிள்ளைகள் வருமுன்பே அவர் வந்துவிடுவார். கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவிப் பார்ப்பார். காய்ந்து வெடித்த பிரம்பு நார் நாராய்ப் பிரிந்து கையைக் கிழிக்கும். அத்தகையதை அப்பொழுதே ஒதுக்கிவிடுவார். கம்பைத் தரையில் ஊன்றினால் அவரவர் புருவ மத்தியைத் தொட வேண்டும் என்று அளந்தே கொடுப்பார். புதிய பிள்ளைகளுக்கோ கம்பே கிடையாது. தரையில் சுண்ணாம்பால் ஒரு சதுரம் வரைந்து, அதன் நான்கு மூலைகளிலும் கால் மாற்றி வைக்கப் பழக்குவார். வணக்கம் செய்யும் முறை, காலடி, திரும்புதல், மறுபடியும் காலடி. "கை எதுக்கு அவசரப்படுது? கால் சொல்லட்டும், கை கேட்கும்" என்பார்.

மூன்றாம் நாள் ஒரு சிறுவனுக்கு மூக்கில் பட்டு இரத்தம் வந்தது. என் நெஞ்சு படபடத்தது. பத்து வயதுக்கே போய்விட்டேன். ஆசான் ஒரே ஒரு முறை கை தட்டினார். திடல் முழுவதும் கம்புகள் கீழே இறங்கின. சிறுவனை உட்கார வைத்து, தலையைச் சற்று முன்னே சாய்க்கச் சொல்லி, மூக்கைப் பிடித்துக்கொள்ளச் செய்தார். அடித்த பையனை அழைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நீ நின்ன இடத்தைக் காட்டு" என்றார். அவன் காட்டினான். "ஒரு அடி முன்னால வந்திருக்கே. தப்பு என்னுடையது; நான் பார்த்திருக்கணும்" என்றார். பிறகு அச்சிறுவனின் தாயாருக்குத் தாமே தொலைபேசியில் அழைத்து, நடந்ததை நடந்தபடியே சொன்னார்.

நான்காம் நாள் மகளைச் சேர்த்தேன். பெயர் எழுதிக் கொடுக்கும்பொழுது ஆசான் என் கட்டை விரலைப் பார்த்துவிட்டார். என்ன ஆயிற்று என்றார். பழக்கத்தால், சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் விரலைப் பிடித்து மெல்ல மடக்கிப் பார்த்தார். "இது விழுந்த காயமில்லையே, தம்பி. கம்படி" என்றார். என் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அம்மாவிடம் சொல்லாத உண்மையை, அம்மா மறைந்து பல்லாண்டுகள் கழித்து, அந்தத் திடலில் மகள் கேட்க முதன்முறையாகச் சொன்னேன்.

ஆசான் சிரிக்கவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "அடுத்த வாரம் வரும்போது செருப்பைக் கழற்றிட்டு நீங்களும் வரிசையில நில்லுங்க. கடைசியில இடம் இருக்கு" என்றார்.

அது நடந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. மகளுக்கு மூன்றாம் மாதமே கம்பு கிடைத்துவிட்டது. நான் ஓர் ஏழு வயதுச் சிறுவனுக்குப் பின்னால் நிற்கிறேன். என் இடக்கால் தவறும்பொழுதெல்லாம் அவன் திரும்பிப் பார்த்து, "அங்கிள், அந்த மூலை" என்று திருத்துகிறான். எனக்கு ஆசான் இன்னும் கம்பு தரவில்லை.