படம் நிற்குது, குரல் கேக்குது

லெப்டொப் ஸ்டக் ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது சத்தம் வருதா என்றுதான். எங்களுடையதில் படம் அப்படியே நிற்கும், ஆனா அப்பாயி பேசுறது மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேக்கும். அப்படியென்றால் மெஷின் முழுசா நிற்கவில்லை, படம் காட்டுகிற பகுதியில்தான் கோளாறு என்று விளங்கியது.

பூண்டுலோயாவுல எங்க நாலு பேருக்கும் சேர்த்து இருப்பது இந்த ஒரு பழைய லெப்டொப்தான். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன சொந்தங்களைப் பற்றி லயத்துப் பெரியவங்க பேசியதை, கெம்பஸ் ஆய்வுக்காக வீடியோ எடுத்து இதில்தான் வைத்திருந்தோம். அந்த அப்பாயி இப்ப இல்லை. ரிப்பேர் கடையில் "போர்ட் போயிருச்சு, மாத்தணும்" என்றார்கள். கேட்ட காசு வீட்டில் ஒருத்தரோட ஒரு மாசக் கொழுந்துச் சம்பளம்.

விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் ஒரு ஏற்பாடு இருக்கு. கிராபிக்ஸ் சிப் 2 செக்கனுக்குள் பதில் சொல்லாட்டி, அதன் டிரைவரை விண்டோஸே மறுபடி தொடக்கும். அப்படி மீண்டால் ஈவன்ட் வியூவரில் 4101 என்ற இலக்கத்தோடு பதிவாகும். எங்க லெப்டொப்பில் அது வரிசையா இருந்தது.

ஆனா இது டிரைவர் பிழையா, சிப் பிழையா? ரெண்டும் நடந்திருக்கு. 2007ல் மைக்ரோசொப்ட் பதிவு செய்த விஸ்டா கோளாறுகளில் 28.8 வீதம் என்விடியா டிரைவர்களால் வந்தவை என்பது பிறகு ஒரு வழக்கில் வெளிவந்தது. 2008ல் அதே நிறுவனம், லெப்டொப் சிப்கள் சிலவற்றில் பலவீனமான பொருள் இருப்பதைச் சொல்லி 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்கியது.

அதனால சேஃப் மோடில் போட்டுப் பார்த்தோம். அங்கே கம்பனி டிரைவர் ஓடாது, விண்டோஸின் சாதாரண டிரைவர்தான். ரெண்டு மணித்தியாலம் நிற்கவே இல்லை. உடனே வீடியோ எல்லாத்தையும் பென் டிரைவில் ஏற்றினோம். அது முடிஞ்ச பிறகுதான் மற்ற வேலை.

பழைய டிரைவரை முழுசா நீக்கி, லெப்டொப் கம்பனி அந்த மொடலுக்கே கொடுத்திருக்கும் டிரைவரை, சிக்னல் கிடைக்கிற மேட்டுல உட்கார்ந்து இறக்கிப் போட்டோம். பத்து நிமிசத்துல நின்றது, ஒரு மணித்தியாலம் தாங்கியது. மிச்சம் சூடு. பின்பக்கத்தைக் கழற்றினா பேன் முழுக்கத் தூசி. பிரஷ்ஷால் தட்டி, சிப்புக்குப் புதுப் பேஸ்ட் பூசினோம். இப்ப எடிட் வேலை ஓடுது.

உங்க வீட்டிலும் இப்படி நின்றால், போர்டுக்குக் காசு கொடுக்க முன்னாடி இந்த வரிசையில் பாருங்க: சேஃப் மோட், பைல் கொப்பி, டிரைவர், தூசி. இதெல்லாம் பார்த்தும் நின்றால் மட்டும் போர்ட்.