பார்க்கத் தடையில்லாத பூக்கள்

பழவேற்காட்டு ஏரிக்கரைச் சிற்றூர்களில் பணியாற்றும் நாம், பூக்களைப் பற்றிக் கைம்பெண் ஒருவரிடம் பாடம் கற்க நேர்ந்தது. அதனை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

சென்ற ஆண்டு பங்கு இல்லத் திண்ணையில் மீனவப் பெண்களுக்குத் தையல் வகுப்பொன்று தொடங்கினோம். பழம்புடவைகளை அடுக்கி, அவற்றின்மேல் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பதே அவர்களது விருப்பம். தையல் எளிதில் கைவந்தது. எந்த நிறத்துக்கு அருகில் எந்த நிறம் என்பதில்தான் பூசல் மூண்டது. நகரத்திலிருந்து மாதிரிப் படங்களை வரவழைத்தோம். அவை எவர் மனத்துக்கும் பிடிக்கவில்லை.

வகுப்பின் கடைசியில் பேசாது அமர்ந்திருப்பார் ஓர் அம்மையார். கணவரைக் கடலில் பறிகொடுத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. நாள்தோறும் முன்னதாகவே வந்து நம் தோட்டத்தில் சற்று நேரம் நிற்பார். அவருடைய போர்வை வளர வளர நமக்கு வியப்பு மேலிட்டது. மஞ்சளின் நடுவே கருஞ்சிவப்பு. ஓரத்தில் மங்கிய செந்நிறம். காலையில் மஞ்சளாய் விரிந்து மாலையில் சிவந்து வாடும் பூவரசம்பூ அன்றோ அது! அடுத்த வரிசைகளில் மணல்மேட்டு அடம்பின் இளஞ்சிவப்பு, மார்கழியில் பூக்கும் டிசம்பர்ப் பூவின் ஊதா, சித்திரைச் சரக்கொன்றையின் பொன்னிறம். ஓர் ஆண்டின் பருவங்கள் ஒரு போர்வையில் அடங்கியிருந்தன. சுற்றுக்கரைக்கு அவர் வெட்டியது, பெட்டியில் காத்துவைத்திருந்த கணவரின் கட்டம் போட்ட கைலியை.

இக்கரைக்கு நிறக்கலை புதிதன்று. 1613-இல் ஒல்லாந்தர் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பியதற்குத் துணி வாணிகமே தலையாய காரணம். உள்நாட்டு ஊர்களில் நெய்து சாயமேற்றிய துணிகள் இங்கிருந்து கப்பலேறி, கிழக்குத் தீவுகளின் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாயின. கடற்கரை மணலில் விளையும் சாயவேர் படிகாரத்தோடு சேர்ந்து சிவப்பைத் தந்தது. அவுரி இலை நீலத்தைத் தந்தது. மலாய் நாட்டில் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'பெலிக்காட்' என்றே வழங்குகின்றனர். அது பழவேற்காட்டின் பெயரே.

ஒருநாள் அவ்வம்மையாரிடம், "ஒரு பூவைப் பறித்துச் சென்று, வீட்டில் வைத்துப் பார்த்து நிறம் சேர்க்கலாமே?" என்றோம். அவர் தலை குனிந்தார்.

"பூ வைக்கக் கூடாதுன்னாங்க சாமி. அதுலேருந்து பூவைத் தொடுறதே இல்ல. பாக்கக் கூடாதுன்னு மட்டும் யாரும் சொல்லல."

நமக்கு மறுமொழி வரவில்லை. சாலமோனைவிட அழகாய் உடுத்தப்பட்ட மலர்களைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகளாய் மறையுரை ஆற்றி வருகின்றோம். அத்தனை ஆண்டுகளிலும், திருவிழாத் தேருக்கு மாலை தொடுக்கச் சுமங்கலிகள் மட்டுமே அழைக்கப்படுவதைக் கண்டிருக்கின்றோம். ஊர் வழக்கம் என்று வாளாவிருந்தோம்.

இவ்வாண்டுத் திருவிழாவுக்கு முந்திய மாலை, பூக்கூடைகள் வந்திறங்கியதும் நாமே அவர் இல்லம் சென்று அழைத்தோம். உடன் வந்தவர் கோயில் வாசலில் தயங்கி நின்றார். மூத்த பெண்கள் இருவர் எழுந்து சென்றுவிட்டனர். இளம்பெண் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். "இப்படிக் குந்துங்க அத்தை" என்றாள். அவர் அமர்ந்து, ஒரு சாமந்தியைக் கையில் எடுத்து நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு தொடுக்கத் தொடங்கினார். விரல்கள் முடிச்சை மறந்திருக்கவில்லை.

எழுந்து சென்ற இருவரையும் நாம் கடிந்துகொள்ளவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் நாமும் அவர்கள் பக்கமே நின்றிருந்தோம் அல்லவா?

அன்பர்களே, உங்கள் ஊர்த் திருவிழாவில் மாலை தொடுக்க அமர்வோர் யார், தொலைவில் நிற்போர் யார் என்று ஒருமுறை பாருங்கள்.