டிஸ்கஸுக்கு யார் கூட்டு?

சென்னை கொளத்தூரில் டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்களிடம் போய், "இதோட வேற என்ன மீன் விடலாம்?" என்று கேட்டால் முதலில் வருகிற பதில் பெரும்பாலும் "எதுவும் வேணாம்" என்பதுதான். விற்கிறவர் வாயிலிருந்து இப்படி வருவது ஆச்சரியம். பக்கத்துத் தொட்டியிலேயே டெட்ரா இருக்கிறது, எதிர்க் கடையில் சக்கர் இருக்கிறது, கூடவே நாலு மீனைத் தலையில் கட்டினால் லாபம். ஆனால் செத்த மீனைக் கவரில் போட்டுக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கிற வாடிக்கையாளர்களைச் சமாளித்துச் சலித்தவர்கள் சொல்லும் பதில் அது.

ரெட்டேரி சந்திப்பை விட்டு உள்ளே திரும்பினால் தெருவுக்குத் தெரு மீன் கடைகள். கடைக்குப் பின்னால், மாடியில், கொல்லையில், வண்டி நிறுத்த வேண்டிய இடத்தில் தொட்டிகள். கோல்டு ஃபிஷ், கப்பி, மோலி, ஏஞ்சல் என்று இந்தப் பகுதியில் குஞ்சு பொரிக்காத வண்ண மீன் குறைவு. தொழில் மாதவரம், புழல், பொன்னேரி வரை பரவிக் கிடக்கிறது. இவர்களுக்குள்ளும் டிஸ்கஸ்காரர்கள் தனி இனம். மற்றவர்கள் மீனைப் பற்றிப் பேசினால் இவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள்.

நான் போன ஷெட் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. உள்பக்கம் முழுக்கத் தெர்மோகோல் அடித்திருந்தார்கள். நுழைந்ததும் மூக்குக் கண்ணாடி பனித்துவிட்டது. இரும்புச் சட்டத்தில் இரண்டு அடுக்காகத் தொட்டிகள். மணல் இல்லை, செடி இல்லை, கூழாங்கல் இல்லை. மூன்று பக்கமும் நீலத் தாள், மூலையில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அவ்வளவுதான். வெப்பமானி 30 காட்டியது. படத்தில் பார்த்துப் பழகிய பச்சைத் தோட்டத் தொட்டிகளை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்த இடம் ஏமாற்றமாக இருக்கும்.

"வீட்ல வைக்கிறவங்களுக்குத் தொட்டி வெறிச்சோடிக் கிடக்குற மாதிரி தெரியும் சார். மீனுக்கு அப்படித் தெரியாது" என்றார் ஷெட்டுக்காரர். பெயர் போட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார். அப்பா காலத்தில் ஏஞ்சல் வளர்த்த குடும்பம், இவர் டிஸ்கஸுக்கு மாறியவர்.

கூட்டு மீன் ஏன் வேண்டாம் என்பதற்கு அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கடைசித் தொட்டிக்குக் கூட்டிப்போய், குனிந்து பார்க்கச் சொன்னார். ஒரு ஜோடி. உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான இரண்டு சிவப்பு மீன்கள். பெண் மீனின் விலாவில் கடுகளவுக் குஞ்சுகள் நூற்றுக்குமேல் மொய்த்துக்கொண்டு, தோலைக் கொத்திக் கொத்தி எதையோ தின்றுகொண்டிருந்தன. திடீரென்று பெண் மீன் உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. மொத்தமும் உதிர்ந்து, ஒரு கணம் அந்தரத்தில் தடுமாறி, ஆண் மீனின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. கைக்குழந்தையை, "கொஞ்சம் பிடிங்க" என்று புருஷனிடம் நீட்டுவது போலவே இருந்தது.

குஞ்சுகள் தின்பது தாய் தகப்பன் தோலில் ஊறும் சளியை. முட்டை வைத்து இரண்டரை, மூன்று நாளில் பொரியும். இன்னும் மூன்று நாள் போல ஆனால் நீந்தத் தொடங்கும். நீந்தத் தொடங்கியதும் போகிற முதல் இடம் பெற்றோரின் உடம்பு. 2010இல் இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சளியை எடுத்துச் சோதித்தார்கள். முட்டை வைக்கும் காலத்தில் அதில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் கூடுவதைக் கண்டார்கள். மூன்றாவது வாரத்தில் பெற்றோர் குஞ்சுகளை விட்டு விலகி விலகி நீந்தத் தொடங்குவதையும் பதிவு செய்தார்கள். பால் மறக்கடிப்பது போலத்தான். ஷெட்டுக்காரர் அந்த ஆய்வைப் படித்தவரில்லை. ஆனால் எந்த நாளில் குஞ்சைப் பிரித்து ஆர்ட்டீமியா என்ற நுண் இறாலைக் கொடுக்க வேண்டும் என்று கைக்கணக்கில் வைத்திருக்கிறார்.

"இப்ப சொல்லுங்க, இதுக்குள்ள ஒரு சக்கரை விட்டா என்ன ஆவும்?"

சக்கர் என்றால் 'டேங்க் கிளீனர்' என்ற பெயரில் எல்லாக் கடையிலும் விற்கிற, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் அந்தக் கறுப்பு மீன். சுண்டுவிரல் நீளத்தில் வாங்குவோம். ஓரடிக்கு மேல் வளரும். வளர வளர அதற்குப் பாசி பிடிப்பதில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, அசையாமல் நிற்கிற டிஸ்கஸின் அகன்ற தட்டையான விலா அதற்கு வாகாக அமைந்துவிடுகிறது. போய் ஒட்டிக்கொண்டு சளியைச் சுரண்டித் தின்னும். காலையில் மீனின் மேல் வட்ட வட்டமாக வெளிறிய தடம் தெரியும், அதன் வழியே பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழையும். குஞ்சுக்குப் பாலாகவும் பெரிய மீனுக்குக் கவசமாகவும் இருக்கிற அதே சளிதான் போகிறது. டிஸ்கஸோடு எதை விடலாம் என்ற கேள்வியைக் குணத்தை வைத்து, 'இது சாது, அது சண்டைக்காரன்' என்று பார்ப்பது பாதிக் கணக்குதான். சக்கர் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. (வளர்ந்த சக்கரை ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறவர்களால் சென்னைச் சுற்றுவட்டார ஏரிகளில் வலை போடுகிறவர்கள் படும் பாடு தனிக் கதை.)

கண்ணாடி துடைக்க ஒரு மீன் வேண்டியே தீரும் என்பவர்களுக்கு இவர் காட்டுவது பிரிஸில்நோஸ். நாலைந்து அங்குலத்தோடு நின்றுவிடும், மூக்கில் மீசை முளைக்கும். அதற்கும் ராத்திரியில் வெள்ளரித் துண்டோ அடியில் அமிழும் வில்லையோ போட்டு வயிற்றை நிரப்பி வைக்க வேண்டும். பசித்தால் அதுவும் சக்கர் வேலையைக் காட்டலாம்.

அடுத்தது சூடு. டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். வாங்குகிறவர் பட்டியலில் முதலில் இருக்கிற நியான் டெட்ராவுக்கு 24, 25 போதும். 30இல் போட்டால் உடனே சாகாது. வேகமாக மூச்சுவிட்டு, சீக்கிரம் மூப்படைந்து, சில மாதங்களில் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். இரண்டும் அமேசான் மீன்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அமேசான் ஒரு குளம் அல்ல. நியான் மேற்கு அமேசானின் ஓடைகளிலிருந்து வருவது. டிஸ்கஸை 1840இல் வியன்னாவிலிருந்து விலங்கியலாளர் ஹெக்கெல் விவரித்தபோது அவர் கையில் இருந்தது ரியோ நெக்ரோவில் சேகரிப்பாளர் நாட்டரர் பிடித்து அனுப்பிய மீன். அந்தக் கறுந்தண்ணீர் ஆற்றில் டிஸ்கஸோடு கிடைக்கும் சின்ன மீன் கார்டினல் டெட்ரா. பார்க்க நியான் மாதிரியே இருக்கும், சிவப்புக் கோடு மட்டும் வால் தொடங்கி செவுள் வரை முழுசாக ஓடும். நியானுக்கு அது பாதி உடம்போடு நின்றுவிடும். 28, 29 டிகிரியைக் கார்டினல் தாங்கும். கடையில் இரண்டையும் மாற்றிக் கொடுப்பதும் நடக்கிறது, அதனால் கோட்டைப் பார்த்து வாங்க வேண்டும்.

ரம்மிநோஸ் டெட்ரா இன்னும் பொருத்தம். மூக்கு மட்டும் குங்குமச் சிவப்பு. பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரே மீன் போலத் திரும்பும். தண்ணீர் கெட்டால் டிஸ்கஸ் கறுக்கும் முன்பே இதன் மூக்கு வெளிறிவிடும். ஷெட்டில் இவர் டெட்ரா வைத்திருப்பதே அதற்காகத்தான், விற்பனைக்காக அல்ல.

சூட்டில் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறைகிறது. 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம், 30இல் 7.5. எண் சின்னதாகத் தெரியலாம். மீன் கூட்டத்தைக் கூட்டும்போதும், கரண்ட் போகும்போதும் அதன் அர்த்தம் புரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கொளத்தூர் தண்ணீரில் நின்ற நாட்களில் ஷெட்டுக்காரர் வீட்டார் மாற்றி மாற்றிக் குவளையால் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார்களாம். நெருக்கமாக வைத்த தொட்டிகள் முதலில் போயின. வீட்டில் தொட்டி வைத்திருப்பவரிடம் ஜெனரேட்டர் இருக்காது. கூட்டு மீன் எண்ணிக்கையை முடிவு செய்யும்போது இதையும் சேர்த்து நினைக்கச் சொல்கிறார்.

ஷெட்டின் வாசலருகே ஒரு அக்கா மணையில் உட்கார்ந்து மாட்டு இதயத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். வெள்ளைக் கொழுப்பும் நரம்பும் ஜவ்வும் ஒரு இழைகூட இருக்கக்கூடாது. கத்தரிக்கோலால் நறுக்கி நறுக்கி எடுத்துவிட்டு, இறால், பசலைக்கீரை, கொஞ்சம் ஸ்பைருலினா சேர்த்து மிக்சியில் அரைத்து, தட்டையாகப் பரப்பி ஃபிரீசரில் வைப்பார். முன்பெல்லாம் சாக்கடைக் கால்வாய்களில் அள்ளிவரும் டியூபிஃபெக்ஸ் புழுதான் தீனி. இன்னும் பல மீன்களுக்கு அதுதான். டிஸ்கஸுக்கு இங்கே நிறுத்திவிட்டார்கள், புழுவோடு நோயும் வருகிறது என்று.

அவர் ஒரு துண்டை உடைத்துத் தொட்டியில் போட்டார். பார்க்க வேண்டியது இதைத்தான். டிஸ்கஸ் பாய்ந்து வரவில்லை. வந்தது, நின்றது, ஒரு கண்ணால் பார்த்தது, வாயில் எடுத்தது, துப்பியது, மறுபடி எடுத்தது. "ராணி மாதிரி தின்னும். பக்கத்துல ஒருத்தன் அவசரக்காரன் இருந்தா இது பட்டினிதான்" என்றார் அக்கா. டைகர் பார்ப், ஆஸ்கர், பேரட் எல்லாம் அதனால் கிடையாது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை மிஸ் கேரளாவும் கிடையாது. அழகு, சாது, ஆனால் ஓடும் தண்ணீரில் வளர்ந்து ஓயாமல் ஓடுகிற மீன், குளிர்ச்சி வேறு கேட்கும்.

ஏஞ்சலைப் பற்றிக் கேட்டபோதுதான் ஷெட்டுக்காரர் குரல் மாறியது. டிஸ்கஸும் ஏஞ்சலும் ஒன்றுவிட்ட உறவு, சூடும் ஒத்துப்போகும். வெளிநாட்டில் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. "எங்கப்பா வளர்த்த மீன் சார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஷெட்டுக்குள்ள ஒரு ஏஞ்சல் வலைகூட வராது." ஏஞ்சல் தன் குடலிலும் செவுளிலும் சில ஒட்டுண்ணிகளைச் சுமந்துகொண்டு சாதாரணமாக இருக்கும். அதுவே டிஸ்கஸுக்கு வந்தால் வெள்ளை நூல் போல மலம் கழிக்கும், உடம்பு கறுக்கும், தலையைக் கவிழ்த்து மூலையில் நிற்கும். அந்த நிலையில் உள்ள மீனை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் தீனி போடுகிற அக்காதான். மருந்து ஊற்றுவது முதலாளி.

இதையெல்லாம்விட நான் எதிர்பாராதது, டிஸ்கஸுக்கு ஆபத்தான கூட்டாளி இன்னொரு பண்ணை டிஸ்கஸாகவே இருக்கலாம் என்பது. இரண்டு இடத்து மீன்களும் தனித்தனியே நன்றாக இருக்கும். சேர்த்தால் இரண்டு நாளில் சளி உரிந்து, கூட்டமாக விழும். ஒவ்வொரு ஷெட்டின் மீனும் தன் ஷெட்டின் கிருமிக்குப் பழகியது. அதனால் புதுமீன் வந்தால் ஒரு மாதமாவது தனித் தொட்டி, தனி வலை, தனிக் குழாய். அதன் பிறகும் நேராகச் சேர்ப்பதில்லை. பழைய மீனில் ஒன்றை மட்டும் எடுத்து முதலில் புதியவற்றோடு விட்டுப் பார்க்கிறார்கள். அது பிழைத்தால் மற்றவை. கொடுமைதான், ஆனால் முழு ஷெட்டையும் இழந்தவர்களைப் பார்த்த பிறகு வந்த வழக்கம்.

நான் இருந்தபோதே ஒருவர் மனைவியோடு வந்தார். நாலடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரத்தில் தொட்டி இருக்கிறதாம். சுமார் 250 லிட்டர் பிடிக்கும். இரண்டு டிஸ்கஸ், இரண்டு ஏஞ்சல், ஒரு சக்கர், கலருக்குக் கொஞ்சம் நியான் என்று போனில் எழுதியே வைத்திருந்தார்.

"ரெண்டு வேணாம் தம்பி. ரெண்டு விட்டா ஒண்ணு இன்னொண்ணை அடிச்சே கொன்னுடும். ஆறு விடுங்க, அடி பிரிஞ்சு போயிடும். ஆறும் ஒரே ஷெட்டுல எடுங்க. எங்கிட்டதான் எடுக்கணும்னு இல்ல."

"அப்ப மத்த மீனுங்க?" என்றார் மனைவி.

"மூணு மாசம் கழிச்சு வாங்கம்மா. இதுங்க பயம் தெளிஞ்சு கையில தீனி வாங்கணும். அப்புறம் ரம்மிநோஸ் ஒரு டஜன். அடியில சிந்துறதைத் தின்ன ஸ்டெர்பாய் கோரி ஆறு." கோரிடோராஸ் வகையில் பெரும்பாலானவை குளிர்ச்சி விரும்பிகள். பொலிவியா எல்லையில் இருந்து வரும் இந்த ஸ்டெர்பாய் மட்டும் சூட்டைத் தாங்கும் சிலவற்றில் ஒன்று.

கணவருக்கு அவ்வளவாகத் திருப்தி இல்லை. வெறும் கண்ணாடித் தொட்டியில் ஆறு மீனை மட்டும் விட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை பாதித் தண்ணீரை மாற்றிக்கொண்டு மூன்று மாதம் உட்கார்ந்திருப்பதா என்ற எண்ணம் முகத்தில் தெரிந்தது. மனைவி ஸ்டெர்பாய் தொட்டி முன்னால் நின்றுவிட்டார். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, மார்புத் துடுப்பில் ஆரஞ்சு முள். அந்த முள் பாலித்தீனைக் குத்திவிடும், அதனால் அதை மட்டும் இரட்டைக் கவரில் கட்டுவார்கள் என்று ஷெட்டுப் பையன் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். கடைசியில் டிஸ்கஸ் ஆறும் ஆக்சிஜன் நிரப்பிய தனித்தனிக் கவர்களில் தெர்மோகோல் பெட்டிக்குள் போயின. கோரிக்கு முன்பணம் மட்டும் கொடுத்தார்கள். ஷெட்டுக்காரர் ரசீதின் பின்பக்கம் வெப்பம் 29, தீனி இரண்டு வேளை, சக்கர் கூடாது என்று எழுதி, கடைசி வரிக்கு இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார்.