வண்டியில இடம் இருக்கு... எடை இருக்கா?

திருவொற்றியூரில் வளர்ந்த எனக்கு லாரிச் சத்தம் இல்லாத இரவு தெரியாது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும். ஆனால், எனக்கு நெருக்கமானவை அவற்றுக்கு இடையே புகுந்து போகும் சின்ன வண்டிகள்தான். என் தாய்மாமா காசிமேட்டில் பிக்கப் ஓட்டுகிறார். விடியற்காலையில் ஐஸ், பிறகு மீன், மதியத்துக்கு மேல் யாராவது வீடு மாற்றினால் அந்த லோடு.

வாடகைக்கு எடுப்பவர்கள் மாமாவிடம் சொல்வது ஒரே வசனம்தான். "அதான் இடம் இருக்கே, இன்னும் நாலு ஏத்துப்பா!" காலி இடம் இருந்தால் வண்டி தாங்கும் என்பது நம் கணக்கு. வண்டியின் கணக்கு ஆர்.சி-யில் இருக்கிறது.

அதில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, வண்டியின் வெற்று எடை. மற்றது, சரக்கோடு சேர்த்து வண்டி இருக்கக்கூடிய மொத்த எடை. உதாரணத்துக்கு, மொத்த எடை 2,900 கிலோ, வெற்று எடை 1,700 கிலோ என்றால், மிச்சம் 1,200 கிலோ. வெற்று எடையில் டிரைவரும் உதவியாளும் சேர மாட்டார்கள். இருவருக்கும் 140 கிலோ கழித்தால் சரக்குக்கு 1,060 கிலோதான். 50 கிலோ ஐஸ் பார் என்றால் 21 பார். தொட்டியில் 30 பார் அடுக்க இடம் இருக்கும். அடுக்கினால் 440 கிலோ அதிகம்!

கூடுதல் பாரத்தை இன்ஜின் முனகிக்கொண்டாவது இழுத்துவிடும். சிக்கல், நிறுத்தும்போதுதான். எடை கூடக் கூட பிரேக் சூடாகும், வண்டி நிற்க அதிக தூரம் தேவைப்படும். பின்பக்கம் பாரம் அமுக்கினால் முன் சக்கரத்தின் பிடி குறையும். சிலர் ஸ்பிரிங் பட்டையைக் கூடுதலாகப் போட்டுக்கொள்வார்கள். வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். டயர், அச்சு, பிரேக் எல்லாம் பழையதுதானே?

டிரெய்லர்களுக்கும் இதே கணக்குதான். இழுக்கும் வண்டி, டிரெய்லர், சரக்கு மூன்றும் சேர்ந்த எடைக்கு வரம்பு உண்டு. அந்த உச்சவரம்பை மத்திய அரசு 2018-ல் 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்த்தியது. கப்பல் விஷயத்தில் இன்னும் கறார். சரிபார்த்த எடை விவரம் இல்லாத ஏற்றுமதி கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற சர்வதேச விதி 2016 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. துறைமுகத்துக்கு வெளியே மாமாவின் வண்டியில் ஏறும் சரக்கை எடைபோட்டுப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

'முடியாதுன்னு சொல்லிடலாமே மாமா' என்று ஒருமுறை கேட்டேன். "சொல்லலாம்டா. பின்னாடியே இன்னொரு வண்டி நிக்குதே" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது ஐஸ் லோடும் குறைந்துவிடும். அந்த நாள்களில் செங்கல் ஏற்றச் சொன்ன ஒருவரிடம் 'ரெண்டு டிரிப்பா அடிக்கிறேன்' என்றிருக்கிறார். அந்த வாடிக்கை அன்றோடு போனது. டீசல் செலவும் தவணையும் மாமாவுடையது. எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்பவர் மட்டும் வேறொருவர்.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கிறது. ஓட்டுபவரை மட்டுமல்ல, ஓட்ட வைப்பவரையும் அது சேர்த்தே சொல்கிறது. ஆனாலும், சாலையில் கை காட்டி நிறுத்தும்போது வண்டியில் இருப்பது டிரைவர் மட்டும்தான்.

அடுத்த முறை வீடு மாற்ற வண்டி கூப்பிடும்போது, 'வாடகை எவ்வளவு?' என்பதோடு 'எத்தனை கிலோ தாங்கும்?' என்றும் கேளுங்கள். 'ரெண்டு டிரிப் ஆகும்' என்று டிரைவர் சொன்னால், கூடுதல் காசு பார்க்கிறார் என்று சட்டென முடிவுகட்டாதீர்கள். உங்கள் பீரோவும் ஃப்ரிட்ஜும், பக்கத்தில் டூ வீலரில் போகிற யாரோ ஒருவரும் பத்திரமாக வீடு போய்ச் சேரத்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.